சாறு ஒழுகுகிறதா, இலை கிழிகிறதா? சலாது இலையில் இறைச்சிப் பிரட்டல்: பிழையும் திருத்தமும்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு பெரிய யோசனையாகிவிட்டது. ஆட்டிறைச்சி அடுப்பில் இருக்கும். அதோடு சோறோ பிட்டோ வேண்டும். அதைத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் கறியைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? கையால் பிடித்து வாயில் வைக்க ஏதாவது ஒன்று வேண்டும். அந்த இடத்துக்குத்தான் லெட்டூஸ் வந்தது. சந்தையில் சலாது இலை என்று கேட்டால் தருவார்கள்.

இலையில் இறைச்சியை வைத்து மடித்துச் சாப்பிடுவது புதிதல்ல. தென்சீனத்தில் கொத்திய புறா இறைச்சியை வறுத்து லெட்டூஸ் இலையில் ஏந்திச் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் சுட்ட இறைச்சியை இலையில் பொதிந்து ஒரே வாயாகப் போடுவார்கள். அதற்குச் ‘சம்’ என்று பெயர். நாங்கள் செய்வது அதே முறைதான், உள்ளே மட்டும் எங்கள் யாழ்ப்பாணத்துப் பிரட்டல், அதாவது குழம்பில்லாமல் பிரட்டியெடுத்த கறி. தொடக்கத்தில் ஒன்று சரிவந்தால் இன்னொன்று பிழைத்தது. பல ஞாயிறுகள் போன பிறகுதான் விளங்கியது, ஏறக்குறைய எல்லாப் பிழையும் தண்ணீரால் வருகிறது. தண்ணீர் இலைக்குள்ளே இருக்க வேண்டும், இலைக்கு மேலே இருக்கக்கூடாது. இறைச்சித் துண்டுக்குள்ளே இருக்க வேண்டும், தாச்சியில் கிடக்கக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் பிழை எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

முதலில் நான் எடுக்கும் அளவைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்கு எலும்பில்லாத இறைச்சி 500 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், உள்ளி ஐந்தாறு பல்லு, இஞ்சி ஒரு சிறு துண்டு, யாழ்ப்பாணக் கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) நாலு மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, ரம்பை ஒரு துண்டு, நல்லெண்ணெய், உப்பு, பாதித் தேசிக்காய், இலை 12. தேங்காய்ப்பூவை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து இடித்து வைக்க வேண்டும். எண்ணெயில் பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ரம்பை, வெங்காயம், இஞ்சி, உள்ளி என்று வதக்கி எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதே தாச்சியில் இறைச்சியை வறுத்து, வதக்கியதைத் திரும்பச் சேர்த்து, தூளும் உப்பும் போட்டுப் பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூ. இவ்வளவுதான். இனிப் பிழைகள்.

கடித்ததும் சாறு முழங்கை வரை ஒழுகுகிறது

எல்லாருக்கும் முதலில் வரும் பிழை இதுதான். காரணம் எங்கள் கைப்பழக்கம். இறைச்சி என்றால் பிட்டுக்குக் குழைக்கவும் பாணுக்குத் தோய்க்கவும் குழம்பு வேண்டும் என்று கை தானாகவே தேங்காய்ப்பாலை ஊற்றிவிடும். சோறும் பிட்டும் பாணும் சாற்றைக் குடிக்கும். இலை குடிக்காது. இலையின் மேற்பரப்பு மெழுகு பூசியது போன்றது. அதில் விழுந்த சாறு வழிந்து ஓட இடம் தேடும். ஆகவே குழம்பை வற்றவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே பிரட்டலாக நினைத்துச் சமைக்க வேண்டும்.

எப்போது போதும் என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. அகப்பையால் தாச்சியின் நடுவே ஒரு கோடு கீறுங்கள். ஐந்து எண்ணும் வரைக்கும் அந்தக் கோட்டுக்குள் சாறு வந்து சேராவிட்டால் இறக்கலாம். சேர்ந்தால் இன்னும் மூன்று நிமிடம், மூடியில்லாமல், அடுப்பைக் கூட்டி வையுங்கள்.

ஏற்கெனவே இறக்கிவிட்டீர்கள், ஆட்கள் மேசையில் இருக்கிறார்கள் என்றால்? பலர் இந்த நேரத்தில் சோளமாவைக் கரைத்து ஊற்றுவார்கள். சாறு தடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு மேசைக்கரண்டி சோளமாவில் ஏழு கிராம் அளவில் மாச்சத்து இருக்கிறது. எதைக் குறைக்க இந்த இலையைத் தேடினோமோ அதையே திரும்ப உள்ளே போடுவதாகிவிடும். அதற்குப் பதில் வறுத்து இடித்த தேங்காய்ப்பூவை இரண்டு மேசைக்கரண்டி கூடப் போட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தேங்காய்ப்பூவில் உள்ள மாச்சத்தில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. அது சாற்றையும் குடிக்கும், கறிக்கு மணத்தையும் தரும். சுறா வறை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். சொல்லப்போனால் சுறா வறை பிறவியிலேயே இலைமடிப்புக்கு ஏற்றது. ஒரு சொட்டுச் சாறு இருக்காது.

பிரட்டல் காய்ந்திருந்தும் ஒழுகினால் குற்றம் இலையில். கழுவிய இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீர், இறைச்சியின் எண்ணெயோடு சேர்ந்து வழியும். ஒவ்வோர் இலையையும் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பழைய வேட்டித் துண்டைத் துவைத்து இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். இலைகளை அதில் கட்டி, முற்றத்தில் நின்று நாலு சுற்றுச் சுழற்றினால் தண்ணீர் பறந்துவிடும்.

மூன்றாவது காரணம் தேசிக்காய். புளிப்பும் உப்பும் இலையிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். ஆகவே தேசிக்காயைச் சாப்பிடுகிற ஆள், சாப்பிடுகிற நேரத்தில், இறைச்சிக்கு மேலே பிழிய வேண்டும். முன்கூட்டியே மடித்து அடுக்கி வைக்கவும் கூடாது. இலையையும் இறைச்சியையும் தனித்தனியாக மேசையில் வையுங்கள், அவரவர் மடித்துக்கொள்ளட்டும்.

இறைச்சி வறுபடாமல் சாம்பல் நிறமாக அவிகிறது

மெலிந்த இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். 500 கிராமையும் ஒரேயடியாகத் தாச்சியில் கொட்டினால் தாச்சி குளிர்ந்து, இறைச்சி விட்ட தண்ணீரிலேயே இறைச்சி அவியும். தண்ணீர் கிடக்கும் வரை தாச்சியின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டாது. இறைச்சி நிறம் பிடித்து அந்த வறுவல் மணம் வர 140 பாகையாவது வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே.

பிரிட்ஜிலிருந்து எடுத்த இறைச்சி என்றால் சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றிவிடுங்கள். எண்ணெய் இலேசாகப் புகையத் தொடங்கும் வரை தாச்சி காயட்டும். இறைச்சியை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றாக வறுங்கள். போட்டவுடன் கிளறாதீர்கள், ஒரு பக்கம் நிறம் பிடிக்க இரண்டு நிமிடம் விடுங்கள். அகப்பை ஓயாமல் ஓடினால் நிறம் வராது.

கோழிக்கும் கடையில் அரைத்த இறைச்சிக்கும் இவ்வளவு போதும். கோழியில் தொடை இறைச்சி எடுங்கள், நெஞ்சு இறைச்சி சீக்கிரம் வரண்டுபோகும். ஆடு வேறு விதம். முற்றிய ஆடாக இருந்தால், கையால் கொத்திய துண்டை வறுத்தால் மட்டும் மெத்தென்று வராது. வறுத்த பிறகு அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் அரை மணித்தியாலம் அவியவிட்டு, பிறகு மூடியைத் திறந்து சாற்றை முழுக்க வற்றவைக்க வேண்டும். இங்கே தண்ணீர் விடச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். வந்த வேலை முடிந்ததும் அதை வெளியேற்றிவிடுகிறோம்.

அரைத்த இறைச்சியைச் சமைக்கும்போது உள்ளே 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும், கோழி என்றால் 74. வெப்பமானி இல்லாத வீட்டில், எந்தத் துண்டை உடைத்தாலும் உள்ளே சிவப்போ சிவந்த நீரோ இல்லாமல் போகும் வரை வேக வையுங்கள்.

இறைச்சி கட்டி கட்டியாக, றப்பர் மாதிரி இருக்கிறது

உப்பு எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அரைத்த இறைச்சியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் கரைந்து பசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்லட்டுக்கு அது நல்லது. இலைமடிப்புக்கு உதிரியாக வேண்டும். ஆகவே உப்பு, தாச்சியில் இறைச்சி நிறம் பிடித்த பிறகுதான்.

மெலிந்த மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி அரைத்ததும் வரண்டு இறுகினால் அப்பச்சோடா கைகொடுக்கும். 500 கிராமுக்குக் கால் தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் பிரட்டி, 15 நிமிடம் வைத்துவிட்டு வறுங்கள். சோடா இறைச்சியின் புளிப்புத் தன்மையைக் குறைப்பதால் புரதம் சூட்டில் அவ்வளவு இறுகாது, தண்ணீர் துண்டுக்குள்ளேயே நிற்கும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் சவர்க்கார வாடை வரும், கவனம்.

என்னைக் கேட்டால், கையால் கொத்துவதே மேல். கடலைப் பருமனுக்குக் கொத்திய இறைச்சி இலைக்குள் நன்றாக உட்காரும், கடிக்கும்போது இறைச்சி என்றும் தெரியும். ஊரில் பங்கிறைச்சி எடுக்கிற நாளென்றால் தொடைப் பக்கத்துத் துண்டைத் தனியே எடுத்து வைத்து, அரை மணித்தியாலம் பிரிட்ஜின் மேல் தட்டில் குளிரவிட்டுக் கொத்துங்கள். குளிர்ந்த இறைச்சி கத்திக்கு வழுக்காது.

ஆறியதும் கொழுப்பு மேல்வாயில் ஒட்டுகிறது

ஆட்டுக் கொழுப்பு உடற்சூட்டில் முழுக்க உருகாது. இலை குளிர்ந்தது, ஆகவே சோற்றோடு தெரியாத கொழுப்பு இங்கே உடனே உறைந்து தெரியும். வறுத்ததும் தாச்சியைச் சரித்து, தேங்கிய கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு மிச்ச வேலையைத் தொடருங்கள். நல்லெண்ணெய் உறையாது. வெள்ளைக் கொழுப்புக் கட்டிகளைக் கொத்தும்போதே விலக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இலை துவண்டு கிடக்கிறது

இங்கே விற்கும் லெட்டூசில் பெரும்பகுதி நுவரெலியா போன்ற மலைநாட்டுக் குளிரில் வளர்ந்து, லொறியில் பல மணித்தியாலம் வந்து சேர்வது. இலையில் 95 வீதம் தண்ணீர். வழியில் கொஞ்சம் போனாலும் துவண்டுவிடும். சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே வித்தியாசம் தெரியும். சைக்கிள் கூடையில் காற்றுப்படத் திறந்து வைத்துக் கொண்டுவராதீர்கள், ஈரத் துணியால் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

துவண்ட இலையை எறிய வேண்டாம். அடிக்காம்பை ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டு, ஐஸ் போட்ட தண்ணீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். இலையின் கலங்கள் தண்ணீரைத் திரும்ப இழுத்து விறைக்கும். அப்பளம் மாதிரி முறியும் அளவுக்கு உயிர் வந்துவிடும். அந்தத் தண்ணீரில் உப்புப் போடக்கூடாது. உப்பு நீர் இலையிலிருந்து தண்ணீரை எடுத்துவிடும். வழுவழுப்பாகவும் வாடையாகவும் மாறிய இலைக்கு இந்த வைத்தியம் இல்லை, அதை விலக்கிவிடுங்கள்.

மேசையில் வைத்த பிறகு துவண்டால் காரணம் சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய பிரட்டலின் ஆவி இலையை நிமிடத்தில் வதக்கிவிடும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள், கை பொறுக்கும் இளஞ்சூடு போதும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே விடவும் கூடாது. எங்கள் வெயிற்காலத்தில் 32 பாகைக்கு மேல் போகும் நாளில் சமைத்த இறைச்சி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது.

மடிக்கும்போது கிழிகிறது, அல்லது நடு நரம்பில் முறிகிறது

இலை வகைக்கு ஏற்ப மடிக்க வேண்டும். உருண்டையான ஐஸ்பேர்க் வகை கிண்ணம் மாதிரி இருக்கும். அதை மடிக்கவே தேவையில்லை, ஏந்திச் சாப்பிடலாம். அதில் கிழிவது இலையைப் பிரிக்கும்போதுதான். மேலிருந்து உரிக்காதீர்கள். அடிக்குருத்தைக் கத்தியால் கூம்பாகத் தோண்டி எடுத்து, அந்தக் குழிக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். தண்ணீர் இலைகளுக்கிடையே இறங்கி, ஒவ்வொன்றாகத் தானே விலக்கித் தரும்.

சந்தையில் கட்டாக வரும் சுருள் இலைக்கு நடு நரம்பு தடிப்பு. இலையைக் கவிழ்த்து வைத்து, புடைத்து நிற்கும் நரம்பைக் கத்தியைப் படுக்கவைத்துச் சீவிவிடுங்கள். ஒரு இலை தாங்காது என்றால் இரண்டை எதிரெதிராக, ஒன்றின் காம்பு மற்றதன் நுனிக்கு வரும்படி வைத்து மடியுங்கள். இறைச்சி இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். முதலில் கீழ் விளிம்பை மேலே மடித்து, அப்புறம் இரண்டு பக்கத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். கூழ் குடிக்கப் பலாவிலையைக் கோலிப் பழகிய கைக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இலையில் மண்ணிற, கறுப்புப் புள்ளிகள்

பிரிட்ஜில் அதன் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எதிலீன் என்ற வாயுவை விடும். அது லெட்டூஸ் நரம்புகளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகளை உண்டாக்கும். கறுத்தக்கொழும்பான் வரும் காலத்தில் எங்கள் பிரிட்ஜில் இடமே இருக்காது. அப்போதுதான் எனக்கு இது நடந்தது. இலையைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடிய பெட்டியில், பழங்களுக்கு எட்டத்தில் வையுங்கள். பின்சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், அங்கே உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உறைந்த இலை திரும்ப மீளாது.

இலை கசக்கிறது

வெப்பம்தான் காரணம். லெட்டூஸ் குளிருக்குப் பழகிய பயிர். சூடு கூடினால் பூக்க அவசரப்பட்டுத் தண்டை நீட்டும். காம்பில் வரும் பாலில் கசப்பு ஏறும். வாங்கும்போது அடிக்காம்பைப் பாருங்கள். நடுத்தண்டு நீண்டு, இலைகள் விலகி நின்றால் கசக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால் காம்புப் பக்கத்தையும் தடித்த நரம்பையும் நீக்கிவிட்டு மெல்லிய பகுதியை மட்டும் எடுங்கள். மிச்சக் கசப்பைத் தேசிக்காயும் உப்பும் பெருமளவு மறைத்துவிடும்.

வீட்டுத் தோட்டத்தில் வைக்கிறவர்கள் மாரி மழை ஓய்ந்து குளிர் நிற்கும் மார்கழி, தை மாதங்களைப் பயன்படுத்த வேண்டும். கோவாவும் கரட்டும் எங்கள் செம்மண்ணில் நன்றாக வரும் காலமும் அதுதான். மண் 30 பாகைக்கு மேல் சூடேறினால் லெட்டூஸ் விதையில் பல முளைக்கவே மாட்டா. விதையை ஈரத் துணியில் வைத்து ஒரு நாள் பிரிட்ஜில் குளிர்வித்து, மேலாகத் தூவி, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம், முளைக்க வெளிச்சமும் வேண்டும். பறிப்பது விடியற்காலையில்.

கசப்பு இலையிலா தூளிலா என்று ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். எங்கள் கறித்தூள் ஏற்கெனவே வறுத்தது. அதைக் கொதிக்கிற எண்ணெயில் நேரே போட்டால் சில நொடியில் கருகிக் கசக்கும். தூளை இறைச்சிக்கு மேலே தூவி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிரட்டுங்கள்.

உள்ளே உறைப்பு இருக்கிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது

தாச்சியில் ருசி பார்த்தபோது சரியாக இருந்த பிரட்டல் இலையோடு சேர்ந்ததும் மங்கிவிடும். இலை முழுக்கத் தண்ணீர்தானே. பிரட்டலைத் தனியே ருசிக்காமல், ஒரு துண்டு இலையோடு சேர்த்து ருசி பாருங்கள். உப்பை அப்போது தீர்மானியுங்கள். தனிமிளகாய்த்தூளைக் கூட்டுவது தீர்வல்ல; குறைவது உப்பும் புளிப்பும் நொறுநொறுப்பும். கடைசியில் பொரித்த கறிவேப்பிலை, பொடியாக அரிந்த பச்சைமிளகாய், இடித்த வறுத்த கச்சான் (நிலக்கடலை) ஒரு மேசைக்கரண்டி. சீனர்கள் நொறுநொறுப்புக்கு நீர்க்கஷ்கொட்டை போடுவார்கள். அது மாச்சத்துக் கூடியது, இங்கே தேடுவதும் கடினம். கச்சான் எங்களுக்குப் போதும்.

குளுக்கோமீற்றர் எதிர்பார்த்ததைவிடக் கூடக் காட்டுகிறது

நான் சொன்ன அளவில் செய்தால் ஒருவருக்கு ஏழெட்டுக் கிராம் அளவில்தான் மாச்சத்து வரும். 200 கிராம் சோற்றில் 50 கிராமுக்கு மேல் இருக்கிறது. அப்படியிருந்தும் கூடினால், ஒளிந்திருப்பது எது என்று தேட வேண்டும்.

முதலில் சோஸ். இணையத்தில் வரும் செய்முறைகளில் ஹொய்சின், ஒயிஸ்டர், இனிப்பு மிளகாய் சோஸ் என்று ஊற்றச் சொல்வார்கள். ஹொய்சின் சோசில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் மாச்சத்து, பெரும்பாலும் சீனி. தக்காளி சோசும் ஒரு மேசைக்கரண்டிக்கு நாலைந்து கிராம் கொண்டுவரும். போத்தலின் பின்னால் உள்ள அட்டவணையை வாசியுங்கள். மாச்சத்தைக் காட்டும் காபோவைதரேற்று என்ற வரியைப் பார்த்தால் போதும்.

அடுத்தது வெங்காயம். இதை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்கு 17 கிராம் அளவில், பெரிய வெங்காயத்தில் 9 கிராம் அளவில். எங்கள் பிரட்டலுக்குச் சின்ன வெங்காயம்தான் உயிர், அதை விடச் சொல்லமாட்டேன். ஆனால் குழம்புக்குப் போடுகிற மாதிரிக் கால் கிலோ போட்டால் கணக்கு மாறிவிடும். கஜுவும் 100 கிராமுக்கு 30 கிராம். அப்புறம் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஒரு கப் தேத்தண்ணீர், அதில் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 8 கிராம், இலைமடிப்பு முழுவதிலும் உள்ள அளவு.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அதுதான். உணவை மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கிறது

இலை எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு இலை சாப்பிட்டாலும் உள்ளே இறைச்சி குறைவென்றால் வயிறு நிறையாது. ஒருவருக்கு 125 கிராம் இறைச்சியாவது சேர வேண்டும். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையும் முருங்கையிலை வறையும் வைத்தால் பின்னேரம் வரை தாங்கும்.

சாப்பிட்ட பிறகு வயிறு குழம்புகிறது

பச்சை இலை என்பதால் கழுவும் தண்ணீரையும் யோசிக்க வேண்டும். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே இறங்கிவிடும். மலசலகூடக் குழிக்குக் கிட்டவுள்ள கிணறு என்றால் அந்தத் தண்ணீரில் இலையைக் கழுவிப் பச்சையாகச் சாப்பிடுவது நல்லதல்ல. வெளி இலைகளை நீக்குங்கள், ஒவ்வொன்றாக ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், கடைசி அலசலும் ஊறவைப்பதும் கொதித்தாறிய தண்ணீரில் இருக்கட்டும். ஐசும் அதே தண்ணீரில் செய்தது. பச்சை இறைச்சி கொத்திய பலகையில் இலையை வைக்காதீர்கள். இலையை முதலில் ஆயத்தப்படுத்தி மூடி வைத்துவிட்டுத்தான் நான் இறைச்சியைத் தொடுவேன்.

சந்தையில் சலாது இலையே இல்லை

கோவா இருக்கும். பெரிய வெளி இலைகளை முழுதாக உரித்து, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர் தண்ணீரில் அமிழ்த்தி, ஒற்றி, நரம்பைச் சீவிவிடுங்கள். பச்சைக் கோவா முறியும். அவித்தது துணி மாதிரி மடியும். சூட்டையும் தாங்கும். மாச்சத்து லெட்டூசைவிடக் கொஞ்சம் கூட, 100 கிராமுக்கு 6 கிராம் அளவில்.

மிஞ்சிய பிரட்டலைச் சொல்வதானால், பிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மறுநாள் சூடாக்கும்போது தண்ணீர் விடாமல் வெறும் தாச்சியில் புரட்டுங்கள். முதல்நாளைவிட ருசியாக இருப்பதுதான் வழக்கம்.

பல்லுக்குக் கடிக்க முடியவில்லை

வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இது கடைசியானாலும் முக்கியமானது. அம்மாவுக்குக் கட்டுப்பல். விறைப்பான ஐஸ்பேர்க் இலை ஒரே கடியில் துண்டாகாமல் இழுபட்டு, உள்ளே இருந்தது முழுக்க மடியில் கொட்டிவிட்டது. அன்றைக்கு அவர் மிச்சத்தைத் தொடவில்லை. அதன் பிறகு அவருக்கென்று சுருள் இலையின் உட்பக்கத்து மெல்லிய குருத்துகளை மட்டும் எடுக்கிறேன். நரம்பு முழுவதையும் நீக்கி, இலையை இரண்டாகக் கிழித்து, ஒரு தேக்கரண்டி பிரட்டல் வைத்து, வெற்றிலை மடிக்கிற மாதிரி ஒரு வாய்க்கு ஒன்றாக மடிக்கிறேன். இறைச்சியும் அவருக்கு இன்னும் கால் மணித்தியாலம் கூட அவியும். பக்கத்தில் இருந்து மடித்து மடித்துக் கொடுத்தால் எட்டு வரை சாப்பிடுகிறார்.